மைதானத்தினின்று மேடைக்கு

விளையாட்டு வீண்பொழுது, தேவ ஊழியத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை என்பார் நம்மிடையே சிலர் உளர். அன்னார்க்கு விடையாக, அமெரிக்க தேசத்துப் பில்லி சண்டே என்பாரின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

1862-ஆம் ஆண்டில் அயோவா மாகாணத்தில் பிறந்த இவர், உள்நாட்டுப் போருக்குச் சென்று நோயால் மாண்ட தந்தையின் முகத்தைக் கண்டவரல்லர். வறுமையுற்ற தாய் இவரைப் போர்வீரரின் அநாதைப் பிள்ளைகட்கான விடுதிக்கு அனுப்பினாள். 1883-இல் சிகாகோ பேஸ்பால் குழுவிற் சேர்ந்து, பின்னர்ப் பிட்ஸ்பர்க், பிலடெல்பியா குழுக்களிலும் 1890 வரை புறக்களங் காத்தார். மட்டை பிடிப்பதில் இவர் பேர்பெற்றவரல்லர். ஆயிரத்துக்கு 248 என்பதே இவரது சராசரி. கால்களோ காற்றினுங் கடியன. எதிரிகள் அயர்ந்த கணத்தில் ஒரு தளத்தினின்று மறுதளத்திற்கு ஓடிவிடும் வித்தையை 1890-இல் மட்டும் 84 முறை செய்து காட்டினார்.

சிகாகோத் தெருவொன்றில் பஸிபிக் கார்டன் மிஷனார் பாடிய கீதங்கள் இவர் மனத்தைத் திருப்பின. 1891-இல், ஆண்டுக்கு 3,500 டாலர் தரும் ஆட்ட ஒப்பந்தத்தை மறுத்து, மாதம் 83 டாலருக்கு வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் ஊழியம் ஏற்றார். முன்னதில் மூன்றிலொரு பங்குங் கூடாத ஊதியம் இது!

இதனைக் கொண்டு, அவர் ஆட்டத்தை வெறுத்தொதுக்கினார் என்று கூறுதல் தவறாம். பின்னாளிற் பெருங்கூட்டங்கட்குப் பிரசங்கித்தபோது, மேடையில் ஓடியும், தளத்தை நோக்கிச் சறுக்கிவிழும் ஆட்டக்காரரைப்போல் வீழ்ந்தும் அவர் கருத்தை விளக்கினார். மைதானத்திற் பயின்ற உடலே மேடையில் அவருக்கு மொழியாயிற்று. ஆட்டம் வீணாகவில்லை, அதன் எசமானன் மாறினான், அவ்வளவே.

மற்றொன்றும் மறைத்தல் தகாது. சுவிசேஷக் கூட்டங்களில் மக்கள் இட்ட காணிக்கையால் அவர் பெருஞ்செல்வரானார். அதுபற்றிப் பலர் பழித்தனர். 1917-இல் நியூயார்க்கு நகரக் காணிக்கையை யுத்தகால தருமங்கட்கும், 1918-இல் சிகாகோக் காணிக்கையைத் தம்மை மனந்திருப்பிய மிஷனுக்கும் அவர் ஈந்தது உண்மையே. ஆயினும், ஆயிரமாயிரவர் சூழ நின்ற சண்டேயினும், 83 டாலருக்கு இசைந்த சண்டேயே நம் உள்ளத்தைக் கவர்கின்றார். ஒருவனது துறவைக் காட்டுவது அவன் பெற்ற புகழன்று, விட்ட ஊதியமே அன்றோ?

நண்பர்காள்! பட்டம் பெற்று வெளியேறும் நாளில் நம்முன்னும் இரண்டு சம்பளங்கள் நிற்கக்கூடும். அன்று நாம் எதனைக் கணக்கிடுவோம்? இக்கேள்வியை மைதானத்திலிருக்கும்போதே கேட்டுக்கொள்வோமாக.