பன்னிரண்டில் எட்டு கடன்

பிறந்தநாளுக்கு மகன் கேமிங் டெஸ்க்டாப் கேட்டான். ஒரு விளம்பரத்தில் ‘மொத்த கிராஃபிக்ஸ் மெமரி 12 ஜிபி’ என்று இருந்தது. விலையும் குறைவு. ஆர்டர் போடப்போன என்னை அவன்தான் தடுத்தான்: “அம்மா, அதுல எட்டு கடன்மா!”

அவன் சொன்னது சரி. கார்டின் சொந்த மெமரி, அதாவது ‘டெடிகேட்டட்’, 4 ஜிபிதான். மீதி 8 ‘ஷேர்டு’. கம்ப்யூட்டரின் 16 ஜிபி ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் வைக்கும் வரம்பு அது. ஒரே அரிசியை ரெண்டு வீட்டுக் கணக்கில் எழுதுற மாதிரி!

வேகமும் ஒன்றல்ல. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தன் சொந்த 8 ஜிபி மெமரியில் நொடிக்கு 272 ஜிபி வரை எடுக்கும். அதுவே ரேமிலிருந்து எடுக்க பிசிஐஇ வழியாக வரணும். அங்கே சுமார் 16 ஜிபிதான். சொந்த மெமரி நிரம்பினால் கேம் திக்கித் திணறுவது இதனால்தான்.

எல்லாருக்கும் தனி கார்டு வேணும்னு இல்லை. மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ், வீட்டுப்பாடம் மட்டும்னா பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். ஆனால் அதற்கு ரேம்தான் மெமரி. அதனால் 16 ஜிபி ஒரே துண்டாக இல்லாமல், இரண்டு 8 ஆக இருக்கட்டும். ரேம் வேகம் இரட்டிப்பாகும்.

பெரிய கேம் என்றால், ‘மொத்தம்’ என்ற எண்ணை விட்டுடுங்க. ‘டெடிகேட்டட் எவ்வளவு?’ என்று கேட்டபிறகே கார்டை நீட்டுங்க.