எண்ணைப் பார்த்து ஏமாறலாமா?

சுபாங் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானம் ஒன்றில் புறப்பட்டு வடமேற்கே திரும்பினால், ஏறக்குறைய கால் மணி நேரத்தில் சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரம் தெரியும். கிழக்கே செம்பனைத் தோட்டங்களும் வடக்கே தஞ்சோங் காராங் நெல்வயல்களும் விரியும். இக்காட்சியை இன்று வீட்டில் அமர்ந்தே காணலாம். 1982-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்ற விமானப் பாவனை மென்பொருள்கள் அதற்கு வழி செய்கின்றன.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களிலும் விமானியாக வேண்டும் என்று கனவு காணும் மாணவர்கள் உள்ளனர். பிள்ளையின் ஆசைக்காகக் கூடுதல் நேரம் உழைத்துக் கணினி வாங்கித் தரும் பெற்றோரும் உள்ளனர். அப்பணம் வீணாகக்கூடாது. ஆனால், கணினியின் மூளையான மையச் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் எண்களை மட்டுமே பார்க்கின்றனர். ‘கோர்’ எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸ் அளவும் கூடினால் செயலி சிறந்தது என்று நம்புகின்றனர். இது தவறான அணுகுமுறை என்பது என் கருத்து.

செம்பனைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இருபது பேர் குலை வெட்டினாலும், ஆலைக்கு ஏற்றிச் செல்ல ஒரே லாரிதான் என்றால் குலைகள் சாலையோரத்தில் குவியும். மேலும் பத்துப் பேரைச் சேர்ப்பதால் பயனில்லை. லாரி விரைந்து ஓட வேண்டும். விமானப் பாவனையும் இத்தகையதே. திரையில் வினாடிக்கு 30 படங்கள் தோன்ற வேண்டுமெனில், ஒவ்வொரு படத்திற்கும் ஏறத்தாழ 33 மில்லிவினாடிகளே உண்டு. அதற்குள் காற்றின் விசை, இறக்கையின் தூக்குவிசை, கருவிகளின் அளவீடு ஆகியவற்றைச் செயலி கணக்கிட வேண்டும். இவ்வேலையின் பெரும்பகுதி ஒரே கோரின்மீது விழுகிறது. மற்றவை அதற்காகக் காத்திருக்கின்றன.

அப்படியானால், கிகாஹெர்ட்ஸ் மட்டும் போதுமா? போதாது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ், 2022-இல் வெளிவந்த 5800எக்ஸ்3டி ஆகிய இரண்டுமே எட்டுக் கோர்கள் கொண்டவை. முன்னதன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதன் உச்ச வேகம் 4.5 மட்டுமே. ஆயினும், விமானப் பாவனையில் பின்னதே தெளிவாக முந்துகிறது. காரணம், செயலிக்குள்ளேயே இருக்கும் ‘கேஷ்’ நினைவகம். முன்னதில் அதன் மூன்றாம் அடுக்கு 32 மெகாபைட். பின்னதில் 96 மெகாபைட். அடுப்பருகே அஞ்சறைப் பெட்டி இருந்தால், கடுகுக்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை அல்லவா?

“விலை மிகுந்ததை வாங்கிவிட்டால் கவலையில்லை” என்பர் சிலர். இதையும் நான் ஏற்கவில்லை. செயலிக்கே பணம் முழுவதையும் கொட்டினால், வரைகலை அட்டைக்கும் நினைவகத்திற்கும் என்ன மிஞ்சும்? ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட நினைவகம் 16 கிகாபைட். வட்டில் 150 கிகாபைட் இடமும் வேண்டும். ஏற்கெனவே கணினி இருந்தால், முதலில் திரையின் தெளிவுத்திறனைக் குறைத்துப் பாருங்கள். அசைவு சீரானால், குறை வரைகலை அட்டையில் இருக்கலாம். மாற்றமே இல்லையெனில், செயலியை ஐயுறலாம். புதியது வாங்கும் முன், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியர் மென்பொருளில் பழகிப் பார்ப்பதும் நன்று.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர் நம் பெரியோர். எனவே, கடைக்குச் செல்லும் முன், ‘எந்த வேலைக்காக இதை வாங்குகிறோம்?’ என்று கேளுங்கள். அந்த வேலையைச் செய்துபார்த்து அளந்த சோதனை முடிவுகளைப் படியுங்கள். வானில் பறக்க விரும்புபவர், கருவியின் அளவீட்டைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கத் தரையிலேயே பழக வேண்டும். செயலியைத் தேர்ந்தெடுப்பது அதற்கு நல்ல முதல் பயிற்சி.