அறிவித்தல் எங்கே?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், ஹெவ்லொக் டவுனிலுள்ள நமது இல்லத்துக்கு முன்னாள் மாணவர் ஒருவர் வந்தார். மலையகத்தவர், வறிய குடும்பத்துப் பிள்ளை. மேற்படிப்புக்கான உதவித்தொகை ஒன்றைப் பற்றி விசாரித்தார்.

"முடிவுத் திகதி கடந்து பத்து நாளாகிறதே, தம்பி!" என்றோம்.

"இணையத்தளத்தில் நாள்தோறும் தேடினேன், சேர். கண்ணிற் படவில்லை."

நாமும் தேடினோம். அறிவித்தல் இருக்கத்தான் செய்தது. 'நிருவாகம்' என்னும் தலைப்பினுள், 'சுற்றறிக்கைகள்' என்னும் உள்தலைப்பின் கீழ், வெறும் இலக்கத்தையே பெயராகத் தாங்கி ஒளிந்திருந்தது! போதாக்குறைக்கு அது பாமினி எழுத்துருவில் அமைந்த கோப்பு. யுனிகோட்டில் தட்டிய சொல்லை அதற்குள் தேடுபெட்டி எவ்வாறு கண்டுபிடிக்கும்?

அத்தளத்தை வகுத்த குழுவில் நாமும் இருந்தோம் என்பதைச் சொல்ல நாணுகிறோம். மூன்று கூட்டங்களை நிறத்துக்கும் முகப்புப் படத்துக்கும் செலவிட்டோம். பின்னர் அலுவலகத்தில் எத்தனை பிரிவுகள் உண்டோ அத்தனை தலைப்புகளை இட்டு வேலையை முடித்துக்கொண்டோம். வெளியேயிருந்து வருகிறவருக்கு அலுவலகப் பிரிவுகள் எவ்வாறு தெரியும் என்று ஒருவரேனும் கேட்டோமில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி புதியதன்று. சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியதாகும். டிம் பேர்னேர்ஸ் லீ வலையை முன்மொழிந்ததோ 1989 இல்! பெருந்தளம் ஒன்றை அமைக்கக் கணினி வல்லுநர் மட்டும் போதார். நூலகரின் மூளையும் வேண்டும்.

2005 இல் தொடங்கிய நம் நாட்டு 'நூலகம்' எண்ணிம நூலகத்தை வாசகர் பலர் அறிவர். அங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் உண்டு. ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, மொழி யாவும் தனித்தனியே குறிக்கப்பெற்றிருக்கின்றன. ஆண்டு மட்டும் நினைவிலுள்ளவரும் நுழையலாம்; ஆசிரியர் பெயர் மட்டும் அறிந்தவரும் நுழையலாம். நம்மவர் பெயர்களோ தலைப்பெழுத்தை முன்னே தாங்குபவை. ஒரு நூலில் 'கா. சிவத்தம்பி', இன்னொன்றில் 'கார்த்திகேசு சிவத்தம்பி'. இரண்டையும் 'சி' வரிசையில் ஓரிடத்தில் வைப்பதென முதல் நூலைப் பதியுமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

மாணவர் சென்றபின் நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் கல்லூரி அறிவித்தல்கள் நாற்பதைச் சிறு அட்டைகளில் எழுதி, மாணவர் அறுவரிடம் கொடுத்து, "உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறபடி கட்டுக்கட்டாக வையுங்கள்" என்றோம். அரை மணி நேரந்தான் சென்றது. உதவித்தொகை அட்டையை நிருவாகத்தோடு சேர்த்தவர் எவருமிலர். நால்வர் அதனை விடுதிக் கட்டணத்தோடு வைத்து, மேலே 'காசு' என்று எழுதியிருந்தனர்!

அத்தலைப்பு கௌரவமாக இல்லையென்று குழுவில் ஒருவர் முகஞ்சுளித்தார். ஈற்றில் 'பண உதவி' என்பதற்கு இணங்கினர். அடுத்த அறிவித்தல் முகப்பிலேயே, யுனிகோட்டில் வரும். அதுவரை அம்மாணவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.