வயல் நீரில் கரையும் பணம்

செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1965ஆம் ஆண்டு முதல் உரத் தொழிற்சாலை இயங்கி வருகிறது. 1978இல் அது ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் அண்டு பெர்டிலைசர்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தது. இங்கே யூரியா தயாராவதைத் தினமும் பார்க்கும் தமிழர்கள், ஊரில் அது வயலில் என்ன ஆகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் பிசானமோ சம்பாவோ தொடங்கினால், தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் மணியார்டரில் போய், இன்று வங்கி வழியாகப் போகும் பணத்தில் ஒரு பங்கு உரத்துக்குத்தான்.

45 கிலோ மூட்டையில் 46 சதவிகிதம், அதாவது ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம், தழைச்சத்து. இதில் நெற்பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவிகிதமே. அதாவது ஆறு கிலோவிலிருந்து எட்டு கிலோ வரை. மீதி எங்கே போகிறது?

வயலில் நீர் கட்டி நிற்கும்போது யூரியாவை மேலே வீசினால், அது நீரில் கரைந்து சில நாட்களில் அம்மோனியாவாக மாறுகிறது. பகலில் வயல் நீரிலுள்ள பாசிகள், நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அதனால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. உச்சி வேளையில் அது மிக அதிகம். அப்போது அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. போட்ட தழைச்சத்தில் சில வேளைகளில் பாதி வரை இப்படி வீணாவதை 1980களில் நடந்த வயல் ஆய்வுகள் காட்டின. பயிர் வெளுத்தது கண்டு மேலும் ஒரு மூட்டை போடுகிறார்கள். அதுவும் அதே வழியில் போகிறது.

இதற்கு மாற்று கடினமல்ல. மேலுரம் இடுமுன் நீரை வடித்து, மண் ஈரமாக இருக்கும்போது இட்டு, பிறகு நீர் பாய்ச்ச வேண்டும். மொத்தமாகக் கொட்டாமல் பல தவணையாகப் பிரிக்க வேண்டும். யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையோடு இலையை ஒப்பிட்டு, பச்சை குறைந்தால் மட்டும் உரமிடலாம்.

2015 முதல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே விற்கப்படுகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் நின்ற நீரில் வீசினால் பூச்சு மட்டும் காப்பாற்றாது. 2018 முதல் மூட்டையின் விலை, வரியும் பூச்சுச் செலவும் நீங்கலாக, 242 ரூபாய். அடக்க விலைக்கும் இதற்கும் உள்ள பெரும் வித்தியாசத்தை அரசு மானியமாகத் தருகிறது. காற்றில் போவது உழவன் பணம் மட்டுமல்ல, மக்கள் வரிப்பணமுந்தான்.

எனவே கூட்டுறவுச் சங்கங்கள் மூட்டையோடு இலை வண்ண அட்டையையும் தமிழில் விளக்கத் தாளையும் தர வேண்டும். மானியத்துக்குக் கோடிகள் செலவிடும் அரசுக்கு இது பெரிய செலவல்ல. அதுவரை, பணம் அனுப்புகிறவர்கள் ஊரிலுள்ள அண்ணன் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்: "நீரை வடித்துவிட்டு உரம் போடு."