தோலில் எழுதிய வரலாறு

கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச நாம் துணிவதற்குக் காரணம் உண்டு. அவ்விளையாட்டைச் சுற்றி நடந்துவரும் ஒரு பணி, ஏடு பார்த்துப் பதிப்பிக்கும் பணிக்கு நெருங்கிய உறவு.

2001ஆம் ஆண்டு ரஷ்யாவிலிருந்து வெளிவந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்', இரண்டாம் உலகப் போரின் வான்சண்டைகளைத் திரையில் நிகழ்த்திக் காட்டுவது. அதில் வரும் விமானங்களின் மேற்பூச்சை ஆடுவோரே வரைந்து மாற்றிக்கொள்ளலாம். 'ஸ்கின்' என்பது அதற்குப் பெயர். 1024க்கு 1024 புள்ளிகளும் 256 நிறங்களும் கொண்ட தட்டையான படம் அது. இறக்கை, உடல், வால் யாவும் உரித்து விரித்த தோல்போல் அதில் கிடக்கும். கணினி அதை எடுத்து விமானத்தின்மேல் போர்த்திவிடும். இதனால் வேகம் கூடுவதில்லை. துப்பாக்கியின் வலிமையும் ஏறுவதில்லை. ஆயினும் ஒரு படையணியின் விமானம் குறிப்பிட்ட காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வரைந்துவிட வேண்டுமென்று பலர் ஊதியமின்றி உழைத்திருக்கிறார்கள். வீண்வேலை என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

பிரிட்டிஷ் விமானப்படையின் 303ஆம் படையணியை எடுத்துக்கொள்வோம். 1939 செப்டம்பரில் நாட்டை இழந்த போலந்து விமானிகள், 1940இல் லண்டனுக்கு அருகிலுள்ள நார்த்தோல்ட் தளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்களில் போரிட்ட அணி அது. விமானத்தின் பக்கவாட்டில் ஆர், எஃப் என்னும் இரண்டு எழுத்துகள் அணியைக் குறித்தன. மூன்றாவது எழுத்து தனி விமானத்தைக் குறித்தது. அவற்றோடு சிறிய வட்டச் சின்னம் ஒன்று: நாற்கோணத் தொப்பி, குறுக்காக வைத்த இரண்டு அரிவாள்கள், 13 நட்சத்திரங்கள். அரிவாள்கள், 1794இல் கோஷ்ச்யுஷ்கோவின் தலைமையில் கிளர்ந்தெழுந்த போலந்து உழவர்களுடையவை. நட்சத்திரங்கள், 1919இல் போலந்துக்காகப் பறக்க வந்து இச்சின்னத்தை உருவாக்கிய அமெரிக்கத் தன்னார்வலர்களின் நினைவு. நாடு வரைபடத்தில் இல்லாத நாளில் அதன் வரலாறு ஒரு தகரத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டோடு வரும் பொதுப்பூச்சில் இவை எவையும் இல்லை. அது யாருடைய விமானமும் அன்று.

இதை வரைவது எளிதன்று. எஞ்சியிருக்கும் புகைப்படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அக்காலத்தில் புழங்கிய ஒருவகைப் படச்சுருள் சிவப்பு நிறத்தை உணராது. அதில் சிவப்பு கறுத்தும் நீலம் வெளுத்தும் விழும். சாம்பல் நிறச் சாயல் ஒன்றைக் கண்டு மூலநிறத்தை உறுதி செய்ய இயலாது. அரசாணை, தொழிற்சாலை வரைபடம், மண்ணிலிருந்து தோண்டிய சிதைவு ஆகியவற்றை ஒப்புநோக்கித்தான் முடிவுக்கு வரவேண்டும். பாடபேதம் பார்ப்பவருக்கு இவ்வேதனை புதிதன்று.

சின்னங்களின் சிக்கல் இதனினும் பெரிது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மனியின் சட்டம் தடைசெய்கிறது. கலைக்கும் ஆய்வுக்கும் உள்ள விலக்கு, கணினி விளையாட்டுகளுக்கு 2018 ஆகஸ்டு வரை நடைமுறையில் கிட்டவில்லை. ஆகவே ஐஎல்-2இல் ஜெர்மானிய விமானங்களின் வால் சுவஸ்திகம் இன்றி வெறுமையாகவே வந்தது. சட்டத்தின் நோக்கம் நமக்கு விளங்குகிறது. ஆனால் அதே அழிப்பானை ஃபின்லாந்தின்மேல் ஓட்டினால் என்னவாகும்? ஸ்வீடன் நாட்டுக் கோமகன் எரிக் ஃபான் ரோசன் 1918 மார்ச்சில் ஃபின்லாந்துக்கு நன்கொடையாகத் தந்த விமானத்தில் தமது நற்பேற்றுக் குறியாக நீலச் சுவஸ்திகத்தைத் தீட்டியிருந்தார். நாஜிக் கட்சி அக்குறியை ஏற்றது 1920இல்தான். ஃபின்லாந்து அதை 1945 வரை தன் விமானங்களில் வைத்திருந்தது. எனவே அது முற்றிலும் மாசற்றது என்று முடித்துவிடவும் முடியாது; ரோசன் பின்னாளில் கோயரிங்கின் மனைவிவழி உறவினராகி, ஸ்வீடனின் நாஜி ஆதரவாளர்களோடும் தொடர்பு கொண்டிருந்தார். இத்தனை முடிச்சுகளையும் ஒரு வெற்று வால் விழுங்கிவிடுகிறது. அழித்தால் குற்றமும் மறைகிறது, வேறுபாடும் மறைகிறது.

எனினும் உள்ளது உள்ளபடி வரைந்துவிட்டாலே உண்மை வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வரைவோர் தேடிப் போவது பெரும்பாலும் வென்றவரின் விமானத்தையே. 352 விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவாகியுள்ள ஜெர்மானியர் எரிக் ஹார்ட்மனின் கறுப்புத் துலிப் மூக்கு எத்தனையோ முறை வரையப்பட்டுவிட்டது. சரியாக வரைந்த படமும், தேர்வு ஒருபக்கம் சாய்ந்தால், துதிப்பாட்டாகிவிடும்.

தோற்றவர்களும் பறந்தார்கள். பிரிட்டனின் 264ஆம் படையணி டிஃபையன்ட் என்னும் இரண்டிருக்கை விமானத்தில் போரிட்டது. அதன் துப்பாக்கிகள் நான்கும் விமானிக்குப் பின்னிருந்த சுழல்கூண்டில்தான்; முன்னோக்கிச் சுட ஒன்றுகூட இல்லை. 1940 ஆகஸ்டின் இறுதியில் பேரிழப்புகளைச் சந்தித்து, பகற்போரிலிருந்து விலக்கப்பட்டு, இரவுப் பணிக்குச் சென்றது. இவ்வணிக்குச் சூட்டப்பட்ட பெயர் 'மதராஸ் மாகாணம்'. 79, 234 ஆகிய அணிகளும் அதே பெயரைத் தாங்கின. நம் மாகாணத்தில் திரட்டப்பட்ட போர்நிதிக்குக் கைம்மாறாக வந்த பெயர் அது. அதைக் கொடுத்தவர் எவர், மனமுவந்து கொடுத்தவர் எத்தனை பேர் என்பதை எந்தப் பூச்சும் சொல்லாது. ஆனால் பூச்சைப் பார்த்தவர்தான் அக்கேள்வியைக் கேட்பார்.

ஆகவே இப்பணியில் ஈடுபடுவோரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. வரைந்த ஒவ்வொரு விமானத்தோடும் ஒரு சிறு குறிப்பு சேருங்கள்: எந்த நாள், எந்தப் படத்திலிருந்து, எது ஆதாரம், எது ஊகம். நல்ல பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் செய்வது அதுவே. அடுத்து, புகழ்பெற்றவர் விமானம் ஒன்றை வரையும்போது, திரும்பி வராதவர் விமானம் ஒன்றையும் வரையுங்கள். 303ஆம் அணியில் பறந்து 17 விமானங்களை வீழ்த்திய செக் நாட்டவர் யோசெஃப் ஃப்ரான்டிஷெக்கும் 1940 அக்டோபர் 8 அன்று திரும்பவில்லை. அவருடைய பெயராவது எஞ்சியது. பெயரும் எஞ்சாதவர்களுக்கு மூன்று எழுத்துகளேனும் இருக்கட்டும்.