கோப்பையும் கூலியும்

2025 செப்டம்பரில் நியூயார்க் மாகாணத்தின் பெத்பேஜ் மைதானத்தில் நடைபெற்ற ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டியில் அமெரிக்காவை 15-13 என்ற புள்ளிக்கணக்கில் ஐரோப்பா வென்றது. கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தவர்களே அரிதான விருதுநகர் மாவட்டத்தில் இது பெரிய செய்தியல்ல. ஆனால், அந்த ஆட்டத்தின் பின்னால் உள்ள கூலிக் கணக்கு நமக்கு மிகவும் நெருக்கமானது.

இக்கோப்பையை வழங்கிய சாமுவேல் ரைடர், ஒரு பென்னிக்கு ஒரு விதைப் பொட்டலம் என்று விற்றுப் பொருளீட்டிய ஆங்கிலேய வணிகர். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியின் தலையெழுத்தை மாற்றினார்கள். அதே பத்தாண்டில், 1927-இல், ரைடர் கோப்பை தொடங்கியது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான போட்டியாக இருந்த இதில், 1979 முதல் ஐரோப்பா கண்டத்து வீரர்களும் சேர்க்கப்பட்டனர். அதன் பிறகே இரு தரப்பும் சமபலம் பெற்றன.

இப்போட்டியில் வீரர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. வருவாயில் பங்கு வேண்டும் என்று 1999-இல் அமெரிக்க வீரர்கள் சிலர் குரலெழுப்பியதைத் தொடர்ந்து, அவர்கள் விரும்பும் அறப்பணிகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. 2025-இல் அமெரிக்க வீரர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் 3 லட்சம் அறப்பணிக்கு. 2 லட்சம் வீரருக்கு. ஐரோப்பிய வீரர்கள் ஊதியம் பெறவில்லை.

பணம் வாங்கியதால்தான் அமெரிக்கா தோற்றது என்று முடிவு கட்டுவது பிழை. 1999-இல் பணம் கேட்ட அணிதான் கோப்பையையும் வென்றது. ஆனால், 2025-இன் புள்ளிகளைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. இருவர் இணைந்து ஆடும் முதல் இரு நாள்களில் 11.5-4.5 என ஐரோப்பா முன்னிலை பெற்றது. கடைசி நாளின் ஒற்றையர் ஆட்டங்களில் 8.5-3.5 என அமெரிக்காவே மேலோங்கியது. தனித்திறனில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். இணைந்து ஆடுவதில்தான் பின்தங்கினார்கள். தனிநபருக்குத் தரும் பணத்தால் ஒருங்கிணைப்பை வாங்கிவிட முடியாது.

குழு ஆட்டத்தில் ஒருவரின் பிழையை எல்லோரும் சுமக்க வேண்டும். ஐரோப்பா தவிர்த்த பிற நாட்டு வீரர்களின் அணி அமெரிக்காவுடன் மோதும் பிரசிடெண்ட்ஸ் கோப்பைக்கு, 2015-இல் முதல் இந்தியராகத் தேர்வானவர் அனிர்பன் லாஹிரி. தென்கொரியாவில் நடந்த அப்போட்டியின் இறுதி நாளில், கடைசிக் குழியருகே குறுகிய தூரத்தில் இருந்த பந்தை அவர் தவறவிட்டார். அவரது அணி 14.5-15.5 எனத் தோற்றது.

அங்கே இழப்பு ஒரு கோப்பை. சிவகாசியில் இழப்பு உயிர்கள்.

பட்டாசு ஆலைகளில் பல வேலைகளுக்கு எண்ணிக்கையைப் பொறுத்தே கூலி. எவ்வளவு விரைவோ அவ்வளவு வருமானம். தீபாவளி நெருங்க நெருங்க அவசரமும் கூடுகிறது. ஆனால், மருந்துக் கலவையில் ஏற்படும் ஓர் உராய்வு அவசரப்பட்டவரை மட்டும் தண்டிப்பதில்லை. நிதானமாக வேலை செய்த அடுத்தவரையும் சேர்த்தே எரிக்கிறது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று விதி இருப்பது அதனால்தான். ஆபத்து பொதுவானது, ஆதாயமோ தனித்தனி. நமது கூலிமுறையின் அடிப்படைக் கோளாறு இதுவே.

கோடீஸ்வர கோல்ஃப் வீரர்களைப்போல் பெருமைக்காக உழையுங்கள் என்று தொழிலாளர்களிடம் சொல்வது கொடுமை. தேவை, கூலிமுறையில் மாற்றம். மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல் ஆகிய பணிகளுக்கேனும் எண்ணிக்கைக் கூலியை நீக்கி, இன்றைய வருமானத்துக்குக் குறையாத நாள்கூலி வழங்க வேண்டும். பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கும் அறையினர் அனைவருக்கும் சேர்த்து ஊக்கத்தொகை அளிக்கலாம். விபத்து நடக்காததற்கு என்று அதை அளித்தால் சிறு விபத்துகளை மறைக்கத் தூண்டும். ஆகவே விதிகளைப் பின்பற்றுவதற்கே அளிக்க வேண்டும்.

இதனால் உற்பத்திச் செலவு சற்று உயரும். அந்தச் செலவை இன்று தொழிலாளர் குடும்பங்கள் வேறு வடிவில் செலுத்திக்கொண்டிருக்கின்றன. அதைப் பட்டாசின் விலையில் சேர்ப்பதே நேர்மை.