உயிர் பிழைத்ததே போதும் என்று சொல்லாதீர்கள்

குடலை வெட்டியெடுத்தவர்களுக்கு வயிறு அப்படித்தான் இருக்கும், உயிர் பிழைத்ததே பெரிசு, மற்றதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் தாங்களே அதை நம்பிவிடுகிறார்கள். சொந்தபந்தம் சொல்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்கிறார். ஸ்கேனைப் பார்த்து “எல்லாம் கிளியர்” என்று முடித்துவிடும் மருத்துவரின் அவசரமும் அதையேதான் சொல்கிறது. இந்த நம்பிக்கை தவறு. இது மனிதர்களை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கிறது.

என் பெரியம்மாவுக்கு மலக்குடலில் ஆபரேஷன் ஆனது. மலம் சேர வயிற்றில் வைத்திருந்த பையையும் சில மாதம் கழித்து எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி கிடப்பார். கைப்பையில் ஒரு மாற்று உள்பாவாடை, பழைய செய்தித்தாள், தண்ணீர் பாட்டில். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்தான் வேண்டும், அவசரமென்றால் நிறுத்தச் சொல்லலாம் என்று. முகூர்த்தம் முடிந்து பசி தாங்காமல் இலையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவார். பாயசம் முடிவதற்குள் எழுந்து ஓடுவார். திரும்பி வந்தவர் மறுபடி ஓடுவார். அன்று முழுக்க அப்படித்தான். “எனக்குக் குடலே இல்லடி, நான் எங்க வெளிய வர்றது” என்பார்.

வெறும் வயிற்றில் ஒரேயடியாகப் பெரிய சாப்பாடு இறங்கினால் பெருங்குடல் வேகமாக அசையும். இது எல்லோருக்கும் உள்ள இயல்பு. காலையில் காபி குடித்ததும் கழிப்பறை தேடுவதும் இதனால்தான். மலக்குடல் இருப்பவருக்கு மலம் அங்கே போய்த் தங்கும், வசதிப்பட்ட நேரத்தில் போகலாம். வந்திருப்பது காற்றா மலமா என்று பிரித்தறியவும் அது உதவுகிறது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மேலிருக்கும் குடலைக் கீழே இழுத்துத் தைக்கும்போது தங்குமிடம் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்தடுத்து, அடக்க முடியாத அவசரத்தோடு போகிறது. கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் இன்னும் கூடுதல். பட்டினி இதைச் சரிசெய்யாது. சின்னச் சின்னதாக, நேரம் தவறாமல் சாப்பிடுவதுதான் உதவும். இதைப் பெரியம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

1908இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற மருத்துவர் மலக்குடலை ஆசனவாயோடு சேர்த்து அகற்றும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், இந்த நோய் வந்த பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்கப் பைதான். 1982இல் பில் ஹீல்ட் மலக்குடலை அதைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு சிதையாமல் எடுக்கும் முறையை எழுதினார். தையல் கருவிகளும் வந்தன. பலரின் ஆசனவாயைக் காப்பாற்றுவது சாத்தியமாயிற்று. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய உறுப்பு வேலை செய்கிறதா என்று பிறகு கேட்க வேண்டாமா? ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலனோஸ்கோப்பி எல்லாம் அதனதன் இடைவெளியில் ஒழுங்காக நடக்கிறது. “ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க, உடையில படுதா, ராத்திரி எழுந்திருக்கிறீங்களா” என்ற கேள்விதான் வருவதில்லை.

கேட்கத் தெரியாமல் இல்லை. 2012இல் டென்மார்க் மருத்துவர்கள் ஐந்தே கேள்வி கொண்ட ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். காற்றை அடக்க முடிகிறதா, தண்ணீராகக் கசிகிறதா, எத்தனை முறை, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் போகிறதா, ஓட வேண்டியிருக்கிறதா. மொத்தம் 42. 30 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பாதிப்பு. லார்ஸ் என்று இந்தப் பாதிப்புக்குப் பெயரே இருக்கிறது. பெயர் வைத்து அளக்கும் ஒரு நோயை எப்படி விதி என்று சொல்கிறோம்?

அடுத்த தவறான நம்பிக்கை கஞ்சிப் பத்தியம். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் குழைவான, நார் குறைந்த சாப்பாடு சரிதான். அந்தச் சில வாரத்துப் பத்தியத்தை வருடக்கணக்கில் இழுக்கும் வீடுகள் ஏராளம். முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக விலக்கி, கீமோவில் ஏற்கெனவே இளைத்த உடம்பைச் சதையே இல்லாமல் ஆக்குகிறார்கள். இதற்கு நேர்மாறாக, நார்ச்சத்து நல்லதென்று கீரையும் கம்பும் கொண்டைக்கடலையுமாக அடுக்குபவர்களும் உண்டு. அது போக்கை இன்னும் கூட்டலாம். இளகிய மலத்தைக் கெட்டிப்படுத்துவது இசப்கோல் போன்ற, தண்ணீரில் கரைந்து கூழாகும் நார். தைத்த இடம் சுருங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அதை எடுக்க வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நாளுக்கு நாள் எழுதிவைத்தால்தான் தெரியும். ஊர் சொல்லும் பட்டியல் உங்கள் குடலுக்குப் பொருந்தாது.

வலப்பக்கக் குடலை எடுத்தவர்களின் கதை வேறு. அவர்களுக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் கொஞ்சம் போயிருக்கும். பித்த உப்புகளைத் திரும்ப உறிஞ்சுவது அந்தப் பகுதிதான். அது குறைந்தால் பித்தம் பெருங்குடலுக்குள் இறங்கித் தண்ணீராகப் போகச் செய்யும். எத்தனை நாள் கஞ்சி குடித்தாலும் இது நிற்காது. பித்தத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் பொடி பலருக்கு நிறுத்துகிறது. பி12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான், அதையும் பார்க்க வேண்டும்.

பை இருப்பவர்களுக்குச் சொல்லும் “நிறையத் தண்ணி குடி, இளநீர் குடி” என்ற அறிவுரை சில சமயம் ஆபத்தாகவே முடியும். சிறுகுடலை வெளியே எடுத்து வைத்த பையில் அளவு மிஞ்சி ஊற்றும்போது வெறும் தண்ணீர் குடிக்கக் குடிக்க உப்பு இன்னும் வெளியேறும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அந்த நேரத்தில் வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் மருத்துவமனையும். தாமதித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

லோபராமைடு என்ற மலிவான மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு, மருத்துவர் சொல்லும் அளவில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அழுக்கை உள்ளே அடைத்தால் நோய் திரும்பும் என்று அதைத் தொட மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை. இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது. ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் செலுத்திக் குடலைக் காலி செய்துவிட்டு நிம்மதியாக வெளியே போகும் முறை இருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் ஓராண்டில் பலருக்குத் தானாகவே கொஞ்சம் சீராகும், சிலருக்கு நீடிக்கும். ஆனால் பதினைந்து முறை ஐந்தாகக் குறைந்தால் ஒரு பெண் பஸ் ஏறலாம், கடைக்குப் போகலாம், ராத்திரி தூங்கலாம்.

பொறுத்துக்கொள் என்ற பேச்சின் இன்னொரு கேடு, சொல்லியே ஆக வேண்டியதையும் சொல்லவிடாமல் செய்வது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் போனால் அது அடைப்பாக இருக்கலாம். அன்றே போக வேண்டும். ரத்தம் போனாலும், சீராகி இருந்த போக்கு திடீரென்று மாறினாலும், எடை இறங்கினாலும் அப்படியே.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது ஒரு வாரக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை தடவை, எந்த நேரம், என்ன சாப்பிட்டபின், எத்தனை முறை உடையில் பட்டது. ஆண் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டினால் போதும். “அப்படித்தான் இருக்கும்” என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். இதைப் பார்ப்பவர் யார், எந்த நாளில் இருப்பார் என்று அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.